விட்டுப்போன ஏழாவது வரி

தினேஷ்,

சீட்பெல்ட் போட்டு விமானம் மேலே ஏறிய பிறகுதான் இந்தக் கவரைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நீ ஷம்ஷாபாத் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் காரிலேயே பிரித்திருப்பாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. போகட்டும். ஆனால் கடிதத்தோடு இன்னொரு காகிதமும் நான்காக மடித்து ஒட்டி வைத்திருக்கிறேன். அதை மட்டும் கடைசியில் பார். இந்த ஒரு தடவையாவது அம்மா பேச்சைக் கேள்.

ஏன் தமிழில் எழுதி உயிரை வாங்குகிறாய் என்று கேட்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, மூன்றாவது வரிக்குள் கட்டைவிரலைத் தூக்கிக்காட்டும் பொம்மையைப் போட்டு முடித்துவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக்கூட்டித்தான் ஆக வேண்டும். காட்பாடி வழியாக ஊருக்குப் போகும் ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயர்ப் பலகையாகக் காட்டி உனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான். ஜோலார்பேட்டையைப் படித்து முடிப்பதற்குள் ரயிலே கிளம்பிவிடும். அப்போது உன் மந்தத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். இன்று அந்த மெதுவான படிப்புதான் எனக்கு வேண்டும். பத்து மணி நேரப் பயணம், உனக்கு வேறு வேலையும் இல்லை.

முதலில் உன் கேள்விக்குப் பதில். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "வீ.ஆர்.எஸ். குடுத்துடு மா, ரெண்டு பேரும் எங்ககூடவே வந்துடுங்க, இன்னும் எட்டு மாசம் அந்த லைப்ரரில ஒக்காந்து என்ன பண்ணப்போற?" என்று கேட்டாய். நான் பார்க்கலாம் என்று சொன்னேன். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், உனக்கும் தெரியும். இப்போது நேராகவே சொல்கிறேன். நான் வரமாட்டேன். எட்டு மாதமும் முழுசாக வேலை பார்த்து, கையில் எடுத்ததை முடித்துவிட்டுத்தான் ஆம்ஸ்டர்டாமைப் பார்க்க வருவேன். என் மருமகள் ஹரிதாவிடம் சொல், அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவள் எனக்காகத் தனி அறை பார்த்து வைத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஆனாலும் வரமாட்டேன்.

காரணம் உனக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது இந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரிந்ததில்லை. உன் அப்பா ராமச்சந்திராபுரம் ஃபேக்டரிக்கு கம்பெனி பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தபோது, இரும்பு வேலை என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும். நான் மருத்துவக் கல்லூரி நூலகர் என்றால், "புக் குடுத்து வாங்குறீங்க" என்பார்கள். கல்லூரியிலும் முக்கால்வாசிப் பேருக்கு நான் வைஃபை பாஸ்வேர்டு சொல்லும் மேடம், ஏ.சி.யைக் கூட்டிக் குறைக்கும் மேடம். உண்மையில் கடந்த பத்து வருஷமாக நான் செய்வது தேடும் வேலை. ஒரு டாக்டருக்கு ஒரு நோயைப் பற்றிக் கேள்வி எழுந்தால், உலகத்தில் அதைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அத்தனையையும் ஒன்று விடாமல் திரட்டிக் கொடுக்க வேண்டும். ஒன்று விடாமல் என்பதுதான் முக்கியம். பத்து நல்ல கட்டுரையைத் தேடிக் கொடுக்க யாராலும் முடியும். மிச்சம் எதுவும் இல்லை என்று சொல்லத்தான் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியை நான் ஐம்பது வயதில் ஆரம்பித்தேன். மாதாப்பூரில் உன் ஆபீஸ் முடிந்து வந்து, லேப்டாப் முன்னால் நான் தடுமாறுவதைப் பார்த்து நீ சிரிப்பாய். ஆன்லைன் வகுப்பில் என்னைவிட இருபது வயது சின்னவர்கள் எல்லாம் டக் டக்கென்று வரிகளை அடித்துக்கொண்டு போவார்கள். நான் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் விரலால் எண்ணுவேன். ஆனால் ஒரு நாள் நீ சிரிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னாய். "அம்மா, எதையும் அழிக்காதே. மாத்தினா புதுசா சேவ் பண்ணு, தேதி போடு. பழசு அப்பிடியே இருக்கட்டும். தப்பு எங்க நொழஞ்சிச்சுன்னு பின்னாடி தெரியணும்ல." அன்றிலிருந்து நான் செய்த ஒவ்வொரு தேடலும் தேதியோடு இருக்கிறது. உனக்கு அது மறந்தே போயிருக்கும். என்னை மாட்டிவிட்டதும் அதுதான், இப்போது கைகொடுப்பதும் அதுதான்.

டாக்டர் வசுந்தராவை உனக்குத் தெரியும், சர்க்கரை நோய் கிளினிக் பார்ப்பவர், உன் கல்யாணத்துக்கு வந்தார். சர்க்கரை நோயாளிகளின் காலில் புண் வராமல் இருக்க எந்த மாதிரி காலணி போட வேண்டும் என்று இதுவரை வந்த எல்லா ஆய்வுகளையும் அலசி ஒரு கட்டுரை எழுத அவர் முடிவு செய்தபோது, தேடலை என்னிடம் கொடுத்தார். கொடுத்ததோடு, கட்டுரையில் என் பெயரையும் ஆசிரியர்களில் ஒருவராகப் போடுவேன் என்றார். முப்பது வருஷமாக மற்றவர்கள் கட்டுரையின் கடைசியில் "நூலகருக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தாலே பெரிய விஷயம். என் பெயரே மேலே வரும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேடல் எப்படி நடக்கும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீ தினமும் எழுதும் கம்ப்யூட்டர் கோடு மாதிரிதான். ஒரு பொருளைக் குறிக்கும் சொற்களை வரி வரியாக எழுத வேண்டும். ஷூ ஒரு வரி, பூட்ஸ் ஒரு வரி, உள்ளே வைக்கும் மெத்தை ஒரு வரி என்று ஆறு வரி எழுதினேன். அதன் கீழே ஒரு வரியில், மேலே உள்ள ஒன்று முதல் ஆறு வரை எல்லாவற்றையும் சேர் என்று கட்டளை கொடுத்தேன். எல்லாம் முடிந்தபின் டாக்டர் வசுந்தரா பார்த்துவிட்டு, "நம்ம ஜனம் ஷூ எங்க மேடம் போடுது? செருப்பு, சாண்டல் எல்லாம் சேத்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே ஏழாவது வரியாகச் செருப்பை நுழைத்தேன். சேர் என்ற வரி எட்டாவதாகக் கீழே இறங்கியது. ஆனால் அதில் ஒன்று முதல் ஆறு வரை என்பது அப்படியே இருந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் அச்சாகி, பந்தியில் இலை போடாத விருந்தாளி மாதிரி அந்த ஏழாவது வரி அங்கேயே நின்றது. கணினி நான் சொன்னதைச் செய்தது. நான் நினைத்ததைச் செய்ய அதற்கு என்ன தலையெழுத்தா.

இதைப் பிடித்திருக்க வழி இருந்தது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் மேரி என்று ஒரு மருத்துவ நூலகர், ஆன்லைன் வகுப்பில் பழக்கம். "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் பாத்துத் தரேன்க்கா, எங்க காலேஜ்ல அதுதான் வழக்கம்" என்று அவளாகவே சொன்னாள். தேவையில்லைம்மா, நானே இரண்டு தடவை பார்த்துவிட்டேன் என்றேன். பார்த்தது உண்மை. ஆனால் சொன்னதற்குக் காரணம் அது இல்லை. அந்தத் தேடல் முழுக்க என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் பார்த்து ஒரு புள்ளி திருத்தினாலும் அவள் பெயரும் எங்காவது வந்துவிடுமே என்ற அற்பத்தனம். உன் ஆபீசில் யார் எழுதிய கோடும் இன்னொருவர் பார்க்காமல் வெளியே போகாது என்று நீ சொல்லும்போதெல்லாம், பாவம் பையனை நம்பமாட்டேன் என்கிறார்களே என்று நினைத்திருக்கிறேன். இப்போது புரிகிறது. இரண்டாவது கண் இருந்தால்தான் நம்பவே முடியும்.

கட்டுரை வந்தது. நீ அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினாய். வந்தவர்களிடம் எல்லாம் உன் அப்பா அதைக் காட்டினார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை. அந்தக் கட்டுரையின் உள்ளே ஒரு வாக்கியம் இருக்கிறது: திறந்த செருப்புகள் குறித்த ஆய்வுகள் எவையும் கிடைக்கவில்லை. அதை எழுதியது டாக்டர். ஆனால் அந்தக் 'கிடைக்கவில்லை' என்ற சொல் என்னுடையது. நான் கொடுத்த பட்டியலை நம்பித்தான் அவர் எழுதினார். அதைப் படித்த எங்கள் புறநோயாளிகள் பிரிவு, மூடிய காலணி மட்டுமே அணியவும் என்று தெலுங்கில் பெரிதாக ஒரு நோட்டீஸ் அச்சடித்து கிளினிக் சுவரில் ஒட்டிவிட்டது.

இரண்டு வாரம் முன்பு முதுகலை மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். அந்த வகுப்புகளில் நான் பொரிந்து தள்ளுவேன். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு மேற்கோள் பட்டியலை வாங்கிக்கொண்டு அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு பையன் கொண்டுவந்த பட்டியலில் மூன்று கட்டுரைகள் உலகத்திலேயே கிடையாது, ஆசிரியர் பெயர் முதல் பக்க எண் வரை எல்லாம் கற்பனை. "எந்திரம் சொன்னா சரியா? எடுத்துப் பாத்தியா?" என்று அவனை நிற்கவைத்துக் கேட்டேன். அப்படிப்பட்ட நான், நல்ல தேடல் எப்படி இருக்கும் என்று காட்ட என்னுடையதையே திரையில் போட்டேன். பின் வரிசையில் ஒரு பெண், அமைதியானவள், கையைத் தூக்கினாள். "மேடம், எட்டாவது வரியில ஏழு வரலையே?" என்றாள்.

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வேணும்னேதான் விட்டிருக்கு, அப்புறம் விளக்கறேன்" என்றேன். அந்தப் பெண் சரி என்று குறித்துக்கொண்டாள். அவள் அதைக் குறித்துக்கொண்டதுதான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. நாளை அவள் ஒரு தேடல் செய்வாள், வேண்டுமென்றே ஒரு வரியை விடலாம் போலிருக்கிறது என்று நினைப்பாள்.

அதன் பிறகுதான் நீ வீ.ஆர்.எஸ். பேச்சை எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பாகற்காயை ஓரம் தள்ளிக்கொண்டே, "லைட் தீஸ்கோ அம்மா. எவரு சூஸ்தாரு?" என்றாய். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, யார் பார்க்கப்போகிறார்கள். அப்புறம், "கைக்கு டென்ஷன்மா, எதுக்கு? எட்டு மாசத்துல ரிடையர்மென்ட். நீ போனதுக்கப்புறம் யாராவது கண்டுபிடிச்சா புடிச்சிக்கட்டும்" என்றாய். என்மேல் இருக்கும் பாசத்தில் சொன்னாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் பெயர் கெடக்கூடாது என்று நினைத்தாய். நானும் ஒரு நிமிஷம் சரி என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, ஒரு முழு நிமிஷம் அந்த யோசனை எனக்கு இனிப்பாக இருந்தது.

உன் அப்பாதான் கெடுத்தார். அதுவரை பேசாமல் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அதெல்லாம் கெடக்கட்டும். நான் இந்தச் செருப்பைப் போட்டுகினு வாக்கிங் போலாமா, கூடாதா? அத்த சொல்லு மொதல்ல" என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். ஃபேக்டரியில் முப்பது வருஷம் இரும்பு முனை வைத்த ஷூவுக்குள் கால் வெந்தவர், ரிடையரான அன்றே அதைக் கடாசிவிட்டு ரப்பர் செருப்புக்கு மாறினார். நோட்டீஸ் வந்தபின் நான்தான் அவரை நச்சரித்து மூடிய ஷூ வாங்க வைத்தேன். "ஹவ், ஹவ்", சரி சரி என்று தலையாட்டிவிட்டு வாசல் தாண்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். செருப்பு நல்லதா கெட்டதா என்பது எனக்குத் தெரியாது, அது டாக்டர்கள் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் அவர்கள் படிக்க வேண்டியதை நான் அவர்கள் முன்னால் வைக்கவே இல்லை. நீ போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய்.

மறுநாள் கிளினிக் வழியாக நடந்து போனேன், எப்போதும் போகும் வழிதான். அந்த நோட்டீசுக்குக் கீழே பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கட்டட வேலை செய்பவர் போல, சேலை ஓரத்தில் சிமென்ட் கறை. நான் நின்று நோட்டீசைப் பார்த்ததும், என்னை டாக்டர் என்று நினைத்தாரோ என்னவோ, செருப்புக் காலை மெதுவாக பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அங்கிருந்து நேராக டாக்டர் வசுந்தராவின் அறைக்குப் போனேன்.

அவர் நல்ல மனுஷிதான், ஆனால் அன்று நல்லபடியாக நடக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அடுத்த மாசம் எனக்கு புரொஃபசர் இன்டர்வியூ. தெரியும்ல மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார். தெரியும் என்றேன். "அந்தப் பேப்பரை வெச்சுத்தான் போறேன்." அதுவும் தெரியும் என்றேன். "முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமே" என்றார். தேதி போட்ட என் பதிவுகளை, செருப்பைச் சேர்ப்பதற்கு முந்தையது, சேர்த்த பிறகு உள்ளது இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். தப்பு எங்கே நுழைந்தது, யாரால் நுழைந்தது என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது, டாக்டர்மேல் பழி போகக்கூடாது. மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. காரிடாரில் எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு போனார். அந்த மூன்று நாளும் நான் சும்மா இருக்கவில்லை. தேடலைச் சரிசெய்து, மேரிக்கு அனுப்பி, "தயவுபண்ணி நீ பார்த்துக் கொடும்மா" என்று கேட்டேன். அவள் ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு சின்னக் குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். இரண்டையும் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

நாலாவது நாள் டாக்டர் நூலகத்துக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எத்தனை புதுசா வருது?" என்று கேட்டார். நாற்பத்துச் சொச்சம் தலைப்புகள். பாதி சம்பந்தமில்லாததாக இருக்கும், மீதியை இருவர் தனித்தனியாகப் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அவர் ஒரு பக்கம் படிக்க ஆரம்பித்தார். இன்டர்வியூவில் கேட்டால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன் என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் தேடலில் பிழை இருக்கிறது, திருத்தம் அனுப்புகிறோம் என்று இதழுக்கு நேற்று இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதிவிட்டோம். முடிவு மாறுமா மாறாதா என்று எனக்கே இன்னும் தெரியாது. இதழில் கட்டுரையைத் திருத்துவார்களோ, திரும்பப் பெறச் சொல்வார்களோ, அதுவும் தெரியாது. எதுவானாலும் சரி. சுவரிலிருந்த நோட்டீசை டாக்டரே கழற்றி, ஒவ்வொருவரும் உங்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்.

இந்த நாற்பத்துச் சொச்சத்தையும் படித்து முடித்து, திருத்தம் அச்சில் வந்த பிறகுதான் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். அதற்குள் இன்னொன்றும் செய்தாக வேண்டும். எங்கள் நூலகத்திலிருந்து எந்தத் தேடலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக்கூடாது என்று கல்லூரி முதல்வரிடம் எழுதி வாங்கப்போகிறேன். எனக்குப் பிறகு வருபவர் என்னைத் திட்டிக்கொண்டே செய்யட்டும். அந்த வகுப்புக்கும் திரும்பப் போனேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ கேட்டது சரி. நான் சொன்னது பொய். வேணும்னு விடலை, தெரியாம விட்டுட்டேன்" என்றேன். யாரோ ஒருவன் கனைத்தான். அவள் தன் நோட்டைத் திறந்து, அன்று எழுதியதை அடித்துவிட்டு மேலே ஏதோ எழுதினாள். வீட்டுக்கு வரும் வழியில் மெட்டுகுடா திருப்பத்தில் இறங்கி ஒரு தட்டு மிர்ச்சி பஜ்ஜி தனியாகத் தின்றேன்.

ஹாலில் நீ மாட்டிய சட்டத்தை நான் கழற்றப் போவதில்லை. திருத்தம் வந்ததும் அதற்கும் ஒரு சட்டம் போட்டுப் பக்கத்திலேயே மாட்டுவேன். கேஸ்காரர் வரும்போது உன் அப்பா இரண்டையும் காட்டட்டும்.

நீயும் அங்கே புது ஆபீஸ், புது ஆட்கள், நம்மை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வேகத்தோடு போகிறாய். உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். கூட்டத்தின் நடுவில் உன்னை யாராவது கேள்வி கேட்டு, உனக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிப் பழகு. அந்த ஐந்து நொடி வெட்கத்தைத் தாங்கிவிட்டால் போதும். நான் தாங்காமல் விட்டதற்கு ஒரு வகுப்பு முழுக்க நின்று திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம், இல்லை என்று எதையாவது சொல்லும் முன், எங்கெங்கே பார்த்தோம் என்று உன்னை நீயே கேட்டுக்கொள். நாம் பார்க்காத இடத்தையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். இதை நான் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை, தினேஷ். உன்னிடம் செய்த தப்பிலிருந்து கற்றிருக்க வேண்டியது. கற்கவில்லை, அதனால்தான் மறுபடியும் செய்தேன்.

உனக்குப் பன்னிரண்டு வயது. செஸ்ஸில் பள்ளியில் உன்னை அடிக்க ஆளில்லை. விசாகப்பட்டினத்தில் போட்டி, பதின்மூன்று வயதுக்குள் என்பதற்கு அசல் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். முந்தைய வாரம் பள்ளியில் அதைச் சரிபார்க்கக் கேட்டு வாங்கியிருந்தார்கள், உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் பீரோவில் உன் பள்ளிக் காகிதங்கள் வைக்கும் நீல ஃபைலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். இல்லை. நீ பஸ்ஸில் தொலைத்துவிட்டாய் என்றேன். நீ தெலுங்கில், "நீக்கே இச்சானு அம்மா" என்றாய். உன்னிடம்தான் கொடுத்தேன் அம்மா. மூன்று தடவை சொன்னாய். மூன்றாவது தடவை சொன்னபோது, பொய் வேறு சொல்கிறாயா என்று கன்னத்தில் அறைந்தேன். நகல் வாங்குவதற்குள் ரயில் போய்விட்டது. நீ அதன் பிறகு செஸ் போர்டைத் திறக்கவில்லை. ஆர்வம் போய்விட்டது என்று எல்லோரிடமும் நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அடுப்பு மாற்றும்போது கேஸ் இணைப்புப் புத்தகத்தை எடுத்தேன். அதன் உறைக்குள் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், நீ வந்து நீட்டினாய், ஈரக் கையோடு வாங்கிப் பக்கத்தில் கிடந்த புத்தகத்துக்குள் சொருகினேன். நூலகர் வைத்த இடத்தை நூலகரே தேடவில்லை. எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்றேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நகல்தான் இருக்கிறதே என்று அதைத் துணிகளுக்கு அடியில் வைத்தேன். போன மாதம் விசாவுக்கு நீ சான்றிதழ் கேட்டபோதும் நகலைத்தான் எடுத்துக் கொடுத்தேன், அசல் அதே பீரோவில் ஒரு கை தூரத்தில் இருந்தது. இருபது வருஷம், தினேஷ். உன்னைப் பொய்யன் என்று சொன்னதை நான் திருத்தவே இல்லை.

இப்போது அந்த மடித்த காகிதத்தைப் பிரி. மூலையில் ஒரு ஈரக் கறை இருக்கும், என் கைக்கறை அது. நீ கொடுத்தாய். எனக்கேதான் கொடுத்தாய். மன்னித்துவிடு.

உன்
அம்மா